ஓர் இனம் அழிக்கப்பட்ட வரலாறு: மாணவருக்கு எப்படிச் சொல்வது?

சென்னையில் பாரிமுனைப் பகுதியில் ஆர்மீனியன் தெரு என்றொரு தெரு உண்டு. அத்தெருவுக்குத் தமிழில் வழங்கிய பெயர் ‘அரண்மனைக்காரன் தெரு’ என்பதாகும். அரண்மனைக்கும் அத்தெருவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘ஆர்மீனியன்’ என்ற அயற்சொல் மக்கள் நாவில் புழங்கிப் புழங்கி ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது. அங்கே 1772இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் வெளிவந்த இடமும் நம் சென்னைதான். ஹாருத்யூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார் 1794இல் ‘அஸ்தரார்’ என்ற பெயரில் அதனை இங்கே அச்சிட்டு வெளியிட்டார்.

சென்னைக்கு வந்த ஆர்மீனியர் பெரும்பாலும் பாரசீகத்தில் குடியேறியிருந்த வணிகக் குடும்பத்தினர். அவர்களுடைய பழைய தாயகமோ கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைநாடு. அத்தாயகத்தின் பெரும்பகுதியில் இன்று ஆர்மீனியர் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள்? இக்கேள்விக்கான விடை 1915ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த விடையைப் பள்ளி மாணவருக்கு எவ்வாறு சொல்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஓர் அறிவியல் இதழில் இந்த வரலாறு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். இயற்பியல் வகுப்பில் நல்ல மாணவன் கேட்கும் முதல் கேள்வி, “இது நமக்கு எப்படித் தெரியும்?” என்பதே. இனப்படுகொலையைப் பற்றிய பாடத்திலும் அக்கேள்விதான் உயிர்நாடி என்று கருதுகிறேன்.

யார் இந்த ஆர்மீனியர்?

ஒரு மக்கள் கூட்டம் எப்படி இறந்தது என்று சொல்வதற்கு முன், அது எப்படி வாழ்ந்தது என்று சொல்ல வேண்டும். இல்லையேல் மாணவர் மனத்தில் பிணங்களின் எண்ணிக்கை மட்டுமே தங்கும்.

ஆர்மீனியர் மிகத் தொன்மையான இனத்தவர். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றவர்கள். கி.பி. 405ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்ற துறவி அவர்கள் மொழிக்கென 36 எழுத்துக்களை வகுத்தளித்தார். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அனனியா ஷிரகாத்சி என்ற அறிஞர், கணக்குப் பாடநூல் ஒன்றை இயற்றியதோடு, பூமி உருண்டை வடிவானது என்றும் எழுதி வைத்தார். அரசுகள் தோன்றி மறைந்தன. நாடு பிறர் ஆட்சிக்குட்பட்டது. எனினும் எழுத்தும் சமயமும் அவர்களை ஓரினமாகக் கட்டிக் காத்தன.

16ஆம் நூற்றாண்டு முதல் ஆர்மீனியரின் பெரும்பகுதி ஆட்டோமான் துருக்கியப் பேரரசின் கீழ் வாழ்ந்தது. அவர்களுக்குத் தனிப் பள்ளிகளும் திருச்சபையும் இருந்தன. ஆனால் முஸ்லிம் குடிகளுக்கு நிகரான உரிமை இருக்கவில்லை. உழவர், கொல்லர், நெசவாளர், மருத்துவர், வணிகர் எனப் பல தொழில்களிலும் அவர்கள் இருந்தனர். பேரரசு தளரத் தளர, சிறுபான்மையினர் மீது ஐயமும் பகையும் வளர்ந்தன. 1894 முதல் 1896 வரை, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில், பல்லாயிரம் ஆர்மீனியர் கொல்லப்பட்டனர். 1909இல் அதானா மாகாணத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்.

1915இல் நடந்தது என்ன?

1913 முதல் பேரரசின் ஆட்சி ‘ஐக்கிய முன்னேற்றக் குழு’ என்ற கட்சியின் கையில் இருந்தது. உள்துறை அமைச்சர் தலாத், போர் அமைச்சர் என்வர், கடற்படை அமைச்சர் ஜெமால் ஆகிய மூவரும் அதன் முதன்மைத் தலைவர்கள். 1914 இறுதியில் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து முதல் உலகப் போரில் இறங்கியது. அந்தக் குளிர்காலத்தில் சரிகமிஷ் என்ற இடத்தில் ரஷ்யப் படையிடம் படுதோல்வி அடைந்தது. தோல்விக்குக் காரணம் தேடியவர்கள், எல்லையின் இருபுறமும் வாழ்ந்த ஆர்மீனியர் மீது பழி சுமத்தினர்.

அதன்பின் நடந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம். முதலில், துருக்கிப் படையிலிருந்த ஆர்மீனிய வீரர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அவர்கள் சாலை போடவும் சுமை தூக்கவும் அனுப்பப்பட்டனர். அவர்களிற் பலர் பின்னர்க் கொல்லப்பட்டனர். அடுத்து, 1915 ஏப்ரல் 24 இரவு, தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் ஆர்மீனிய எழுத்தாளர், ஆசிரியர், மருத்துவர், பத்திரிகையாளர் என இருநூறுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் உயிருடன் திரும்பவில்லை. திரும்பிய சிலருள் ஒருவர், நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த இசைமேதை கோமிதாஸ். கண்ட கொடுமையால் மனநலம் குன்றிய அவர், 1935இல் பாரிஸ் நகரில் காலமானார்.

மே 27ஆம் நாள் நாடு கடத்தும் சட்டம் பிறந்தது. ஊர் ஊராக ஆர்மீனியர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். பல ஊர்களில் ஆண்கள் தனியே பிரிக்கப்பட்டு ஊரெல்லையிலேயே கொல்லப்பட்டனர். பெண்களும் முதியோரும் குழந்தைகளும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு சிரியப் பாலைவனம் நோக்கி நடத்திச் செல்லப்பட்டனர். உணவில்லை, நீரில்லை, வழியெங்கும் கொள்ளையும் கொலையும். உயிரோடு எஞ்சியோர் தெய்ர்-எஸ்-ஸோர் முதலிய பாலைவன முகாம்களில் பசியாலும் கொள்ளைநோயாலும் மடிந்தனர். 1916இல் அங்கும் படுகொலைகள் நிகழ்ந்தன. எத்தனையோ குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறு வீடுகளில், வேறு பெயரில், வேறு சமயத்தில் வளர்க்கப்பட்டனர்.

அவர்கள் விட்டுச் சென்ற வீடு, நிலம், கடை ஆகியவற்றைக் கைக்கொள்ள 1915 செப்டம்பரில் இன்னொரு சட்டம் வந்தது. அச்சொத்துக்களுக்கு அரசு இட்ட பெயர் ‘கைவிடப்பட்ட சொத்துக்கள்’ என்பது. வீட்டுக்காரனைத் துரத்திவிட்டு, அவனே வீட்டைக் கைவிட்டுப் போனான் என்று எழுதி வைப்பது எவ்வளவு பெரிய பொய்! மாணவர் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி இது. கொடுமைகள் பல, அலுவலகத் தாளில் மிக அமைதியான சொற்களாலேயே எழுதப்படுகின்றன.

ஒரு சொல் பிறந்த கதை

1915 மே 24ஆம் நாள் பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளும் ஓர் அறிக்கை வெளியிட்டன. மனித குலத்துக்கும் நாகரிகத்துக்கும் எதிரான குற்றம் இது என்று அவை கண்டித்தன. எனினும் இக்குற்றத்துக்கெனச் சட்டத்தில் தனிப்பெயர் அப்போது இருக்கவில்லை.

1921 மார்ச்சில், பெர்லின் நகரில் ஒளிந்து வாழ்ந்த தலாத்தை, குடும்பத்தை இழந்த சொகொமோன் தெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர் சுட்டுக் கொன்றார். ஜெர்மன் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. இவ்வழக்கு, ரஃபேல் லெம்கின் என்ற யூத மாணவரின் உள்ளத்தை உலுக்கியது. ஒரு மனிதனைக் கொன்றவனை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். ஓரினத்தையே கொன்றவனை நிறுத்தச் சட்டம் இல்லையே, ஏன் என்று அவர் தம் பேராசிரியரிடம் கேட்டார். தன் கோழிகளைக் கொல்லும் உழவனை யார் தடுக்க முடியும் என்ற பொருளில் பேராசிரியர் விடை சொன்னாராம். மக்களும் கோழிகளும் ஒன்றா என்ற வினா லெம்கினை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

இரண்டாம் உலகப் போரில் லெம்கின் தம் சுற்றத்தாரில் 49 பேரை நாஜிகளின் கையில் இழந்தார். 1944இல் அவர் வெளியிட்ட நூலில், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் கொலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் இணைத்து ‘ஜெனோசைடு’ என்ற புதுச்சொல்லை உருவாக்கினார். நாம் இனப்படுகொலை என்கிறோம். 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை, இனப்படுகொலையைத் தடுத்துத் தண்டிக்கும் உடன்படிக்கையை ஏற்றது. ஒரு தேசிய, இன, மரபின அல்லது சமயக் குழுவை முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் ஐந்து வகைச் செயல்களை அது வரையறுக்கிறது. அவை: கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடுந்தீங்கு செய்தல், அழிவுக்கு இட்டுச்செல்லும் வாழ்க்கைச் சூழலைத் திட்டமிட்டு ஏற்படுத்துதல், பிறப்பைத் தடுத்தல், குழந்தைகளைப் பறித்து வேறு குழுவிடம் சேர்த்தல்.

1915இல் இல்லாத சொல்லை 1915க்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்பர். ஆக்ஸிஜனுக்குப் பெயர் சூட்டும் முன்பும் விளக்குகள் எரிந்துகொண்டுதானே இருந்தன! மேலும், இச்சொல்லை விளக்கும்போது ஆர்மீனியர் அழிவையே எடுத்துக்காட்டாகச் சொன்னவர் லெம்கின்.

இது நமக்கு எப்படித் தெரியும்?

இயற்பியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணு என்பதே வெறும் கற்பனை என்று பேரறிஞர் சிலர் வாதிட்டு வந்தனர். பிரெஞ்சு இயற்பியல் அறிஞர் பெர்ரின் அவகாட்ரோ எண்ணைப் பல வழிகளில் கணக்கிட்ட முடிவுகளைத் தொகுத்து, 1913இல் ஒரு நூலாக வெளியிட்டார். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவு, வானத்தின் நீல நிறம், கதிரியக்கம், வாயுக்களின் பாகுநிலை ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகள். எனினும் எல்லா வழிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சுட்டின. தனித்தனிச் சாட்சிகள் ஒன்றுகூடிப் பேசிக்கொள்ளாமலே ஒரே செய்தியைச் சொன்னால், அச்செய்தியை ஏற்காதிருக்க முடியுமா? ஐயம் கொண்டிருந்த அறிஞர்களும் அணுவை ஒப்புக்கொண்டனர்.

1915இன் சாட்சிகளை இதே முறையில் நிறுத்திப் பார்ப்போம். 

முதற் சாட்சி, அப்போது போரில் சேராதிருந்த அமெரிக்காவின் தூதர் ஹென்றி மார்கன்தோ. கலகத்தை அடக்குவதாகச் சொல்லிக்கொண்டு ஓரினத்தையே அழிக்கிறார்கள் என்று 1915 ஜூலையிலேயே அவர் தம் அரசுக்குத் தந்தி அனுப்பினார். ஹார்புட் நகரிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதர் லெஸ்லி டேவிஸ், அருகிலிருந்த ஏரிக்கரையைக் குதிரைமேல் சுற்றி வந்து, அங்கே கிடந்த எண்ணற்ற உடல்களைப் பற்றி எழுதினார்.

இரண்டாம் சாட்சி, துருக்கியின் தோழமை நாடான ஜெர்மனி. அலெப்போவிலிருந்த ஜெர்மன் துணைத்தூதர் ரோஸ்லர் அனுப்பிய அறிக்கைகள் ஜெர்மன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஆர்மின் வெக்னர் என்ற ஜெர்மானியர், தடையை மீறி முகாம்களைப் படம் பிடித்தார். நண்பனைப் பற்றிப் பொய்க் குற்றம் சொல்ல இவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

மூன்றாம் சாட்சி, உயிர்தப்பியோர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு நாடுகளுக்குச் சிதறிய அவர்களுடைய வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

நான்காம் சாட்சி, துருக்கியே. போருக்குப் பின் 1919இல் கான்ஸ்டான்டிநோபிளில் அமைந்த இராணுவ நீதிமன்றம், தலைமறைவாகிவிட்ட தலாத், என்வர், ஜெமால் ஆகியோருக்கு மரண தண்டனை விதித்தது. அவ்விசாரணையின் பகுதிகள் அரசிதழிலேயே அச்சாயின.

நான்கு திசைகளிலிருந்து வரும் நான்கு சாட்சிகளும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கின்றன.

ஒரு கருதுகோளைச் சோதிப்போம்

துருக்கிய அரசு இன்றும் இதனை இனப்படுகொலை என்று ஒப்புக்கொள்வதில்லை. போர்க்காலத்தில் ஆர்மீனியர் கலகம் செய்தனர். ஆதலால் போர்முனையிலிருந்து இடம் மாற்றப்பட்டனர். போரில் முஸ்லிம்களும் பெருந்தொகையாக மாண்டனர் என்பது அதன் வாதம். இவ்வாதத்தையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும். வான் நகரில் ஆர்மீனியர் ஆயுதமேந்தி நின்றது உண்மை. ரஷ்யப் படையில் ஆர்மீனியர் இருந்ததும் உண்மை. போரில் முஸ்லிம் குடிகள் பட்ட துன்பமும் உண்மை.

ஆயினும் கருதுகோள் ஒன்றைச் சொன்னால் அதனைச் சோதிக்க வேண்டும் அன்றோ? போர்முனைக்கு அருகிலிருந்தோரை அகற்றுவது மட்டுமே நோக்கம் என்றால், தொலைவிலிருந்தோர் அகற்றப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் ரஷ்ய எல்லையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் மேற்கேயிருந்த அங்காரா, பர்சா, இஸ்மித் ஆகிய ஊர்களின் ஆர்மீனியரும் துரத்தப்பட்டனர். பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்துவதே நோக்கம் என்றால், உணவும் உறைவிடமும் தயாராக இருந்திருக்க வேண்டும். பாலைவனத்தில் அவை இல்லை. கலகக்காரரைத் தண்டிப்பதே நோக்கம் என்றால், கைக்குழந்தை செய்த கலகம் எது? கருதுகோள் மூன்று சோதனைகளிலும் தோற்கிறது.

எண்ணிக்கை மாறுபட்டால் உண்மை பொய்யாகுமா?

மாண்டவர் எத்தனை பேர்? 6 இலட்சம் முதல் 15 இலட்சம் வரை மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஏறத்தாழ 10 இலட்சம் அல்லது அதற்கு மேல் என்பது வரலாற்று அறிஞர் பலரின் முடிவு. போருக்கு முன்பிருந்த மக்கள் தொகையிலேயே கருத்து வேற்றுமை உண்டு. அரசின் கணக்கு 12 இலட்சம் அளவில் இருந்தது. ஆர்மீனியத் திருச்சபையின் கணக்கோ 20 இலட்சம் அளவில் இருந்தது. தொடக்க எண் வேறுபடும்போது கழித்து வரும் எண்ணும் வேறுபடுவது இயல்பே.

எண்ணே உறுதியில்லை, ஆகவே நிகழ்ச்சியும் உறுதியில்லை என்று சிலர் வாதிடுவர். ஆய்வுக்கூடத்தில் பிழைவரம்பைக் கற்ற மாணவன் இவ்வாதத்தில் ஏமாற மாட்டான். பெர்ரின் திரட்டிய விடைகள் 6×10²³ முதல் 7.5×10²³ வரை வேறுபட்டன. இன்று நாம் ஏற்கும் மதிப்பு 6.022×10²³. விடைகள் வேறுபட்டமையால் அணுவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஓர் அளவின் துல்லியம் வேறு. அளக்கப்படும் பொருள் உண்டா இல்லையா என்பது வேறு.

நீதிமன்றம் ஏறிய பாடம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1998இல், இனப்படுகொலையையும் மனித உரிமைகளையும் பள்ளியில் கற்பிக்க வழிகாட்டி தயாரிக்கும்படி சட்டம் இயற்றியது. அடிமை வாணிபம், அயர்லாந்தின் பெரும்பஞ்சம், யூதர் படுகொலை ஆகியவற்றுடன் ஆர்மீனியர் படுகொலையும் அதில் இடம்பெற்றது. 1915இல் நடந்தது இனப்படுகொலை அன்று என்று வாதிடும் சில ஆதாரங்களும் முதலில் அவ்வழிகாட்டியில் சேர்க்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டன. நீக்கியது கருத்துரிமைக்கு மாறானது என்று 2005இல் சில மாணவரும் ஆசிரியரும் ஒரு துருக்கிய அமெரிக்க அமைப்பும் வழக்குத் தொடர்ந்தனர். பாடத்திட்டத்தில் எது இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது.

நீதிமன்றம் சட்டத்தைத்தான் பார்த்தது. வரலாற்றுக்கு அது தீர்ப்புக் கூறவில்லை. ஆசிரியர் முன் நிற்கும் கேள்வியோ அப்படியே இருக்கிறது. இரு தரப்பையும் சமமாகச் சொல்வதுதானே நடுநிலை என்று நல்லெண்ணம் கொண்டோரும் கேட்கின்றனர். எல்லாக் கருத்தையும் சம எடையில் வைப்பது நடுநிலை ஆகாது. எரிதல் பற்றிய பழைய பிளாஜிஸ்டன் கொள்கையை நாம் வகுப்பில் சொல்கிறோம். ஏன் கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். மறுப்பு வாதத்தையும் அவ்வாறே, சோதனையோடு சேர்த்துச் சொல்லலாம். சோதிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டால், மாணவன் உண்மையும் பொய்யும் விருப்பத்தைப் பொறுத்தவை என்று கற்றுக்கொண்டு போவான்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, அச்சமூட்டும் படங்களோடு பாடத்தைத் தொடங்கலாகாது. அதிர்ச்சியடைந்த மனம் சிந்திப்பதில்லை. ஓர் ஊர், ஒரு குடும்பம், ஒரு பள்ளிக்கூடம் என்று தொடங்குவது நலம்.

இரண்டாவது, குற்றத்தைச் செய்த அரசையும் ஆட்களையும் சொல்லலாமேயன்றி, ஓரினத்தையோ சமயத்தையோ குற்றவாளி ஆக்கலாகாது. அலெப்போவின் ஆளுநராக இருந்த துருக்கியர் ஜெலால் பே, ஆணைக்குப் பணிய மறுத்தார். கோன்யாவுக்கு மாற்றப்பட்ட பின் அங்கும் ஆர்மீனியரைக் காக்க முயன்று, பதவி இழந்தார். ஏழைக் குர்து, அரபுக் குடும்பங்கள் சில, உயிருக்கு அஞ்சாமல் குழந்தைகளை ஒளித்து வைத்துக் காத்தன. ‘எல்லாத் துருக்கியரும் கொலைகாரர்’ என்று மாணவன் சொல்லிக்கொண்டு வெளியேறினால், பாடம் தோற்றுவிட்டது என்று பொருள். ஓரினத்தை முழுவதுமாகப் பழிக்கும் அதே மனநிலையிலிருந்துதானே 1915 பிறந்தது!

மூன்றாவது, வரிசையைக் கவனிக்கச் செய்ய வேண்டும். அண்டை வீட்டார் ஒருநாள் ‘உள்நாட்டுப் பகைவர்’ ஆனார்கள். பின் ஆயுதம் பறிபோனது. எழுதுவோரும் பேசுவோரும் மறைந்தனர். பின்பே ஊர்கள் காலியாயின. முதற்படி சொல்லில்தான் இருந்தது.

இரண்டு பெண்களும் ஒரு நூலும்

ஆர்மீனியத் தலைநகர் எரவானில் மாதேனதாரான் என்ற சுவடிக் காப்பகம் உள்ளது. அங்கே தோலில் எழுதப்பட்ட ஒரு பெருநூல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான அதன் எடை ஏறத்தாழ 28 கிலோகிராம். மூஷ் என்னும் ஊரின் மடத்தில் நூற்றாண்டுகளாக அது காக்கப்பட்டு வந்தது. 1915இல் மடம் சூறையாடப்பட்டபோது, அகதிகளாக ஓடிய இரண்டு பெண்கள் அதனைக் கண்டனர். ஒருவரால் சுமக்க முடியாத கனம். ஆகவே நூலை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்தனர் என்று சொல்கிறார்கள். ஒரு பாதி ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாஜினை அடைந்தது. மற்றொரு பாதி எர்ஸுரூம் அருகே மண்ணில் புதைக்கப்பட்டு, பின்னர்க் கண்டெடுக்கப்பட்டது. இன்று இரு பாதிகளும் ஒரே கூரையின் கீழ் உள்ளன.

பசியோடும் அச்சத்தோடும் ஓடியவர்கள், ரொட்டிக்கும் துணிக்கும் பதிலாக ஒரு நூலை ஏன் சுமந்தார்கள்? இக்கேள்வியோடு பாடத்தை முடிக்கலாம். விடையை மாணவரே சொல்லட்டும்.